வேதத்தில் அன்றன்றைக்குரிய பெலன்: வேதபாட வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை நடக்கும் வேதபாட வகுப்பின் பொறுப்பு என்னிடம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வகுப்புக்குள் கேட்கப்படும் கேள்விகளைவிட, ஜெபம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகளே அதிகம். ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறவில்லை என்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்து, நான் சொல்லிவந்த பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் குருத்துவப் பட்டம் பெற்றவன் அல்லன். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிப் பரிசு வாங்கி வளர்ந்த சாதாரண சபையான். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் மேற்கோள்கள் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. ‘பலம்’ என்பதை அந்த மொழிபெயர்ப்பு பல இடங்களில் ‘பெலன்’ என்று எழுதும் வழக்கத்தையே நானும் பின்பற்றியிருக்கிறேன்.

தினமும் பைபிள் வாசிக்க வேண்டும் என்று பைபிளிலேயே எங்கே எழுதியிருக்கிறது?

அந்தச் சொற்களிலேயே எல்லாருக்கும் இட்ட கட்டளை எங்கும் இல்லை. ராஜாவானவன் நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசே வழியாகக் கொடுக்கப்பட்ட சட்டத்தின், பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு தன் ஜீவகாலமெல்லாம் வாசிக்க வேண்டும் என்று உபாகமம் 17 சொல்கிறது. இரவும் பகலும் அதைத் தியானிக்கும்படி யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாறு தியானிக்கிற மனுஷன் பாக்கியவான் என்று முதலாம் சங்கீதம் பாடுகிறது. சாதாரண மக்களின் வீட்டில் புத்தகமே கிடையாது. தோல் சுருள்களைக் கையால் எழுதிய காலத்தில் அவர்கள் கூடிவந்து காதால் கேட்டார்கள். கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதே தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தில், 1714-15இல்தான். ஆளுக்கொரு வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் தனியாக வாசிப்பது என்பது, திருச்சபையின் நீண்ட வரலாற்றில் மிகவும் பிந்தி வந்த வசதி.

ஆகையால் இதைக் கட்டளையாக எண்ணிப் பயப்படுவதைவிட, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து உணவாக விழுந்த மன்னாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது என்பேன். யாத்திராகமம் 16இல் ஜனங்கள் காலைதோறும் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து, அவரவர் சாப்பிடும் அளவுக்குச் சேர்த்தார்கள். மறுநாளைக்கென்று பதுக்கியது பூச்சி பிடித்து நாறியது. ‘மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்’ என்று இயேசு எடுத்துச் சொன்ன உபாகம வசனம், அந்த மன்னாவை நினைவுகூரும் இடத்தில்தான் வருகிறது. இந்த மன்னாவைப் பின்னால் வரும் பதில்களிலும் குறிப்பிடுவேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

இதைக் கேட்காத ஆண்டே கிடையாது. பலருடைய வேதாகமத்தில் முதல் நூறு பக்கங்கள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கும். அதற்குப் பிறகு தாள் புத்தம் புதிதாக இருக்கும். 66 புத்தகங்கள் கொண்ட ஒரு நூலகத்தை முதல் அலமாரியிலிருந்து வரிசையாகப் படித்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நான் சொல்லும் வழி: மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரங்கள், ஒரே மூச்சில் உரக்க வாசித்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனோடு நாளுக்கு ஒரு சங்கீதம். பிறகு அப்போஸ்தலருடைய நடபடிகள், அதன் பிறகு ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் இருபது அதிகாரங்களும்.

லேவியராகமத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது அதற்குப் போங்கள். பலிபீடமும் பிரதான ஆசாரியனும் எதற்காக அவ்வளவு விவரமாக எழுதப்பட்டன என்பது அப்போதுதான் புரியத் தொடங்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் வாசித்தால் போதும்?

கணக்கு கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 66 புத்தகங்களிலும் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. வாரநாளில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தும் என்று வாசித்தால் வாரத்துக்கு 23. ஓராண்டில் முழுவதும் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரின் இளம் போதகரான ராபர்ட் மெக்செய்ன் 1842இல் தம் சபையாருக்காக வகுத்த அட்டவணை நாளுக்கு நான்கு அதிகாரங்கள் கேட்கிறது. அதன்படி பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் ஓராண்டில் வாசித்து முடிக்கலாம்.

ஆனால் அதிகாரம் என்பது ஒரு நாளின் உணவுக்கான அளவுகோல் அன்று. அந்தப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இடம் தேடிக் கண்டுபிடிக்கும் வசதிக்காகப் போடப்பட்டவை. 117ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள். இரண்டு சங்கீதம் தள்ளி வரும் 119இல் 176 வசனங்கள். ஓடுகிற பேருந்தில் ஜன்னல் வழியாக ஊர்களைப் பார்ப்பதுபோல நான்கு அதிகாரங்களைப் பார்த்துவிட்டு அட்டவணையில் குறி இடுவதைக் காட்டிலும், அரை அதிகாரத்தை இரண்டு முறை வாய்விட்டு வாசிப்பது மேல் என்பது என் கருத்து. முழு வேதத்தையும் ஒரு முறையாவது வாசித்து முடிக்க வேண்டும் என்பதும் என் கருத்துதான். அதற்கு மூன்று ஆண்டுகள் ஆனால் ஆகட்டும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் எனக்குப் புரியவில்லை. புதிய மொழிபெயர்ப்பை வாசித்தால் தவறா?

தவறே இல்லை. நாம் ‘பழையது’ என்று சொல்லும் இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காலத்தில் புதியதாக வந்து முணுமுணுப்பைச் சம்பாதித்ததுதான். சீகன்பால்குவுக்குப் பிறகு பப்ரிசியஸ், பாளையங்கோட்டையின் இரேனியுஸ் என்று பலர் திருத்தியும் புதிதாக எழுதியும் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பின்னாளில் சைவத்தின் தூணாக விளங்கிய ஆறுமுக நாவலர். இந்த முயற்சிகளுக்கெல்லாம் பிறகு, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்ததையே நம்மில் பெரும்பாலோர் இன்றுவரை வாசிக்கிறோம். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வந்தது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக் காட்டுகிறேன். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்ற வசனத்தைச் சிறு வயதிலிருந்து சொல்லிவந்த ஓர் அம்மா, தமக்கு யார் முன்னும் அவமானம் நேராது என்பதே அதன் பொருள் என்று அறுபது வயதுவரை எண்ணியிருந்தார். ‘தாழ்ச்சி’ என்பதற்கு இங்கே குறைவு, இல்லாமை என்றே பொருள். 34ஆம் சங்கீதத்தில் அதே மொழிபெயர்ப்பு ‘சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும்’ என்கிறது. சிங்கக்குட்டிக்கு ஏது அவமானம்? திருவிவிலியம் இதை ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று சொல்கிறது. அதை வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அரிசிப் பானையைப் பற்றியா சொல்லியிருக்கு?’ என்று கேட்டார்.

மனப்பாடத்துக்குப் பழையதையும் பொருள் தெளிவுக்குப் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். பழையதன் ஓசை நாவில் நிற்கும். வாக்கியம் நீண்டு வினைமுற்றுக்கு வந்து சேரும்போது ஒரு கம்பீரம் இருக்கும். அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளைத் தவறவிடுவது, சோற்றை வடித்து வைத்துவிட்டுக் கஞ்சித்தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது போன்றது.

தியானம் என்றால் கண்களை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பதா?

முதலாம் சங்கீதத்தில் ‘தியானமாயிருக்கிற’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘ஹாகா’ என்ற வினைச்சொல். அது முணுமுணுப்பதையும் மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்வதையும் குறிக்கும். இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கு ஏசாயா 31இலும், புறாவின் புலம்பலுக்கு ஏசாயா 38இலும் இதே சொல்தான் வருகிறது. ஆகவே அது மௌனத்தைவிட வாயசைவோடு நெருங்கிய சொல்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் பீடி சுற்றும் பாட்டி ஒருவர் இருந்தார். மடியில் முறம், முறத்தில் ஓரம் வெட்டிய இலைகள், ஒவ்வோர் இலையிலும் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டும்போது உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். 121ஆம் சங்கீதம். ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்று ஒரு பீடி. ‘வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்’ என்று அடுத்த பீடி. மேற்குத் தொடர்ச்சி மலை அவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே தெரியும். ‘மலை ஒத்தாசை செய்யாது தம்பி, மலையை உண்டாக்கினவர்தான் செய்வார், அதனாலதான் ரெண்டாவது வசனத்தை விடக் கூடாது’ என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உபதேசியார் வாசிக்கக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தது.

நான் ஒழுங்காக வாசிக்கிறேன். ஆனால் வாசிக்கும்போது ஒன்றும் உணர்வதில்லை. பெலன் கிடைக்கிறது என்கிறார்களே, அது எங்கே?

நேற்று மதியம் சாப்பிட்டதும் உடம்பில் பெலன் ஏறுவதை நீங்கள் உணர்ந்தீர்களா? போன மாதம் மூன்றாம் தேதி என்ன சாப்பிட்டீர்கள் என்பதுகூட நினைவில் இருக்காது. ஆனால் அதுவும் சேர்ந்துதான் இன்று நீங்கள் எழுந்து நடக்கிறீர்கள். மன்னாவைப் பற்றி முதல் பதிலில் சொன்னதன் மறுபக்கம் இது. வேத வாசிப்பைச் சூடான காபியைப்போல எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஓர் இரவு, வெளியே நடைபாதையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டு இருக்கும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது; பையில் வேதாகமமும் இல்லை; ஜெபிக்க வாயில் வார்த்தையும் வரவில்லை. அப்போது எங்கிருந்தோ ஓய்வுநாள் பள்ளியில் எட்டு வயதில் ஒப்பித்த வசனம் வந்தது: ‘தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும், ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணையுமானவர்.’ எட்டு வயதில் அதை ஒப்பித்தபோது எனக்கு எந்த உணர்வும் இருக்கவில்லை. பரிசாகக் கிடைக்கும் பென்சில் பெட்டியில்தான் கண் இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்துத் தேவைப்பட்ட நேரத்தில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றிரவு பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். விடியும்வரை உட்கார்ந்திருக்க முடிந்தது.

வறட்சியே நீடித்தால் அதையே ஜெபமாக்கச் சங்கீதங்கள் இடம் தருகின்றன. ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்கி, எனக்குள் தியங்குகிறாய்?’ என்று 42ஆம் சங்கீதக்காரன் தன்னிடமே வாதாடுகிறான். 88ஆம் சங்கீதம் கடைசிவரை ஆறுதலுக்கு வருவதே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிக்கும் சொல். அப்படி ஒரு பாட்டையும் ஆராதனைப் புத்தகத்துக்குள் அனுமதித்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பலமுறை தைரியம் தந்திருக்கிறது.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையைத்தான் ஆண்டு முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது போதாதா?

இந்த வழக்கத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்து, பக்கத்தில் இருப்பவரிடம் ‘உங்களுக்கு என்ன வந்தது?’ என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கும் பிடித்தமானவை. என் வீட்டு அரிசி டப்பாவின் மேல் மூன்று ஆண்டுகளின் அட்டைகள் ஒட்டியிருக்கின்றன. என் கவலை, அட்டையில் இருப்பது ஒரு பெரிய பேச்சிலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்பதை மறந்துவிடுவதைப் பற்றியது. ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11 ஆண்டுதோறும் யாராவது ஒருவருக்கு வரும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் விரும்பியதைச் சொல்லியிருந்தான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார். கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்ட பெரியவர்களில் பலர் அந்த எழுபதாம் ஆண்டைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

இது தெரிந்தபின் வசனத்தின் பெலன் குறைகிறதா? எனக்குக் கூடுகிறது. இந்த ஆண்டே வேலை கிடைத்துவிடும் என்ற அனனியாவின் ஆறுதல் டிசம்பரில் பொய்த்துப்போகும். தூர தேசத்திலும் தோட்டம் போடச் சொல்லும் ஆறுதலோடு வேலையில்லாத ஆண்டையும் கடக்கலாம். ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13உம் அப்படித்தான். தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பேனாப் பெட்டிக்குள் அதைப் பார்க்கிறோம். அதற்கு முந்திய வசனத்தில், கட்டுண்டிருக்கும் பவுல், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். ‘எல்லாம்’ என்பதற்குள் பட்டினியும் அடக்கம். அட்டையை எறிய வேண்டாம். அட்டையில் உள்ள வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ அந்த அதிகாரத்தை ஜனவரி முதல் வாரத்திலேயே முழுமையாக வாசித்துவிடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து, விரல் படும் வசனத்தைக் கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பரிசுத்த அகுஸ்தீன் 386இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில், புத்தகத்தைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட ரோமர் 13ஆம் அதிகார வசனங்களால் மனந்திரும்பினார் என்று இதற்குச் சான்று காட்டுவார்கள். அவர் அதற்கு முன்பே பவுலின் நிருபங்களை ஊன்றி வாசித்துவந்தவர். பின்னாளில் அவரே ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷத்தின் பக்கங்களைச் சீட்டுப்போல எடுத்துப் பார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். அட்டைகளைப் பற்றிச் சொன்ன அதே ஆபத்து இங்கே இரட்டிப்பாக இருக்கிறது.

தலையணைக்கு அடியில் வேதாகமத்தை வைத்துப் படுத்தால் கெட்ட கனவு வராது என்று அம்மா சொல்கிறார்கள். உண்மையா?

அம்மாவின் அன்பைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் 1 சாமுவேல் 4ஐ அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். பெலிஸ்தரிடம் ஏறக்குறைய நாலாயிரம் பேரை இழந்த இஸ்ரவேலர், பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தால் ஜெயம் நிச்சயம் என்று நம்பினார்கள். பாளயமே அதிர ஆர்ப்பரித்தார்கள். அடுத்த யுத்தத்தில் முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. படுக்கும் முன் 4ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைக்கலாம்.

கைப்பேசியில் வாசிப்பதும், ஒலிப்பதிவில் கேட்பதும் கணக்கில் சேருமா?

சேரும். வேதம் கேட்கப்பட்ட காலமே நீண்டது என்று முதல் பதிலில் சொன்னேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கமே வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் சேர்த்துத்தான் பாக்கியவான்கள் என்கிறது. கண் மங்கியவர்களுக்கும், விடியற்காலையில் பேருந்து பிடித்து ஆலைக்குப் போகிறவர்களுக்கும் ஒலிப்பதிவு பெரிய உதவி. கைப்பேசியில் ஒரே ஒரு தொல்லை: மூன்றாம் வசனத்தில் இருக்கும்போது உறவினர் குழுவில் ‘இனிய காலை வணக்கம்’ வந்து விழும். அந்தப் பதினைந்து நிமிடங்களுக்கு இணையத்தை நிறுத்திவிடுங்கள்.

மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போகிறேன். ‘வேதம் வாசித்தால் போதாதா, விசுவாசம் இல்லையா’ என்கிறார்கள். நான் தவறு செய்கிறேனா?

இல்லை. கேட்பவர்களுக்குக் காட்ட 1 இராஜாக்கள் 19 இருக்கிறது. கர்மேல் மலையில் பெரிய ஜெயம் பெற்ற எலியா, மறு அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை, வசனமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். ஓரேபில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது, அந்தப் போஜனத்தின் பெலத்தினால் நாற்பது நாள் நடந்த பிறகுதான். மூன்றாம் சுவிசேஷத்தை எழுதியவராகத் திருச்சபை நினைவுகூரும் லூக்காவைக் கொலோசெயர் 4:14 ‘பிரியமான வைத்தியன்’ என்றே அழைக்கிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டு வேதத்தை மட்டும் வாசிக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். எதை மாற்றுவதானாலும் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். நீண்ட பகுதியை வாசிக்க மனம் ஒன்றாத நாட்களில் ஒரு வசனம் போதும். அதுவும் முடியாத நாட்களில் வேறொருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும்.

‘உன் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்’ என்று 137ஆம் சங்கீதம் முடிகிறது. இதிலிருந்து என்ன பெலன் எடுப்பது?

இந்தக் கேள்வி வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். வர வேண்டிய கேள்விதான். முதலில், இது கட்டளை இல்லை. எருசலேம் அழிக்கப்பட்டு, தங்கள் பிள்ளைகள் கொல்லப்படுவதைப் பார்த்து, பாபிலோன் ஆறுகளண்டையில் உட்கார்ந்திருந்தவர்களின் கதறல். சிறைப்படுத்தியவர்களே சீயோனின் பாட்டொன்றைப் பாடுங்கள் என்று கேலி செய்த இடத்தில் அது பிறந்தது. பழிவாங்கும் ஆத்திரத்தை அவர்கள் கையால் நிறைவேற்றாமல் கர்த்தருக்கு முன் கொட்டியிருக்கிறார்கள். போரில் பிள்ளையை இழந்த ஒரு தாயின் வாயிலிருந்து இதைக் கேட்டால் நமக்கு வேறுவிதமாகக் கேட்கும். ஈழத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் எங்கள் வகுப்பில் இந்தச் சங்கீதத்தை வாசித்த நாளில் ஒருவரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

அதற்காக அந்த வரி எனக்கு எளிதாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்னவரின் பின்னால் போகிறவன் அந்த வரியைத் தன் ஜெபமாக்க முடியாது. வேதத்திலிருந்து கிழித்தெறியவும் முடியாது. கானான் தேசத்தைப் பிடிக்க யோசுவா நடத்திய யுத்தங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் நான் இவ்வளவுதான் சொல்வேன்: அவசரமாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், அவற்றைத் தனியாக வாசிக்காமல், வாசித்துப் பழகிய ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள். அப்போஸ்தலர் 8இல் இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டுபோன எத்தியோப்பிய மந்திரியும், ஒருவர் விளக்காமல் எப்படிப் புரியும் என்றுதான் பிலிப்புவிடம் கேட்டான்.

என் கத்தோலிக்க மைத்துனரின் வேதாகமத்தில் புத்தகங்கள் அதிகமாக இருக்கின்றன. சேர்ந்து வாசிக்கலாமா?

தாராளமாக. அவருடையதில் 73, நம்முடையதில் 66. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும் கூடுதல். லூத்தர்கூட 1534இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில், வேதத்துக்குச் சமமல்ல என்றாலும் வாசிக்க நல்லவை என்று சொல்லி அவற்றை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்தார். நீங்கள் ‘சங்கீதம்’ என்பதை அவர் ‘திருப்பாடல்’ என்பார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், ‘தாழ்ச்சி’யைப் பற்றி மேலே சொன்னதுபோலப் பல முடிச்சுகள் தாமாக அவிழும்.

தினமும் வாசிக்கிறேன், ஆனாலும் என் கோபம் குறையவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். வாசித்து என்ன பயன்?

உங்கள் மனைவி சொல்வதைத்தான் யாக்கோபும் சொல்கிறார்: கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவன் தன் சாயல் இன்னதென்று உடனே மறந்துவிடுகிறான். ஒரு யோசனை. வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடுவதற்கு முன், இன்று யாரிடம், எந்த நேரத்தில் இது எனக்குத் தேவைப்படும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம் என்று எழுதியவர் ஒருவர் எங்கள் வகுப்பில் உண்டு. இன்னொன்று: தனியாக வாசிப்பதோடு வாரத்தில் இரண்டு நாளாவது குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசியுங்கள், வாசிக்கும் பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கேளுங்கள்.

நான்கு மாதமாக வாசிப்பை விட்டுவிட்டேன். விட்டதையெல்லாம் எப்படி ஈடுகட்டுவது?

ஈடுகட்ட வேண்டாம். நாளுக்கு மூன்று அதிகாரம் என்று கணக்கு வைத்திருந்தால் முந்நூற்றைம்பதுக்கும் மேல் பாக்கி நிற்கும். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே அட்டவணையை மடித்து வைத்துவிடுவீர்கள். நேற்றைய மன்னா இன்றைக்குச் செல்லாது என்றால், நேற்று சேர்க்காததற்கும் இன்று அபராதம் இல்லை. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பது இப்படித் திரும்பி வருகிறவர்களுக்கு வசதி. காலண்டரைப் பாருங்கள், இன்று பதினேழாம் தேதி என்றால் பதினேழாம் அதிகாரம். அது பெரியது என்று தோன்றினால் முதல் வசனம் மட்டும்: சண்டையோடு கூடிய வீடு நிறைந்த கொழுமையான பதார்த்தங்களைப் பார்க்கிலும், அமரிக்கையோடே சாப்பிடும் வெறுந்துணிக்கையே நலம் என்று இருக்கும். நாளைக்குப் பதினெட்டு.